வாசலோரக் கட்டில்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் மகள் வினிஃப்ரெட்டின் ஸ்தோத்திரம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் நர்ஸாக வந்த பிறகு இங்கே ஜன்னல்களுக்குக் கம்பிவலையும் கட்டில்களுக்குக் கொசுவலையும் வந்துவிட்டன. ஆனாலும் காய்ச்சல்காரர்கள் தங்குவதில்லை. பிழைக்கமாட்டார் என்று தோன்றும் நோயாளியை வாசலோரக் கட்டிலுக்கு மாற்றுவது பழைய வழக்கம். டாக்டர் அதை நிறுத்திய பிறகும், அந்தக் கட்டிலைக் கண்டாலே தாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

போன வாரம் எனக்கும் காய்ச்சல் வந்தது. நானே அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். நான் எழுந்து நடந்தால் எல்லாருக்கும் பயம் தெளியும் என்று நினைத்தேன்.

நேற்று ஆயா அங்கம்மா என் தலைமாட்டில் விளக்கேற்றினாள்.

"நான் இன்னும் சாகலையே, அங்கம்மா!"

"உங்களுக்குத்தான் இங்க யாரும் இல்லையே மிஸ்ஸி. அதான் முன்னாலயே ஏத்திட்டேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் விளக்கைப் பார்த்த மற்ற நோயாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுந்திருக்காவிட்டால் இனி யாரும் வரமாட்டார்கள்.

காய்ச்சல் இன்னும் விடவில்லை. கொயினா மருந்து கசக்கிறது. கொஞ்சம் பனங்கற்கண்டும் அம்மாவின் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள்; துவைக்காததாக இருக்கட்டும். கட்டில் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இத்துடன் நிறுத்துகிறேன். கப்பலில் வந்து சேர நாளாகும், ஆனாலும் அனுப்புங்கள்.

வினிஃப்ரெட்