உன் சட்டைப் பையிலிருந்த அட்டை

அண்ணா,

உன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று பீரோவிலிருந்து எடுத்தேன். நீலக் கட்டம் போட்டதன் பையில் அந்த அட்டை கிடந்தது. 'நான் குடிக்கவில்லை. எனக்கு நரம்பு நோய். வீடு ரெட்டியார்பாளையம்.' கீழே என் போன் நம்பர். நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது.

முப்பத்தெட்டு வயதில் உன் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவத் தொடங்கியது. வயரிங் வேலைக்குக் கூப்பிடுவோர் குறைந்தார்கள். பிறகு தோளும் விரல்களும் தாமாகவே ஆடின, நடை தள்ளாடியது. நெல்லித்தோப்புக் கடையொன்றில், "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்" என்று யாரோ சொன்னதைக் கேட்ட அன்றுதான் அட்டை எழுதச் சொன்னாய். நீ ஒரு சொட்டு தொட்டவனில்லை.

ஹண்டிங்டன் என்றார் டாக்டர். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மில் வேலை போய், தள்ளாடித் தள்ளாடி, குடிகாரன் என்ற பெயரோடு செத்த அப்பா. அவர்மேல் சாராய வாடை அடித்ததே இல்லை. ஆனாலும் அம்மா ஊர்ப்பேச்சை மறுக்கவில்லை. குடும்ப வியாதி என்று பெயர் வந்தால் என்னை யார் கட்டுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

கடைசி மூன்று வருடம் நீ நீயாக இல்லை. சோற்றுத் தட்டை என்மேல் வீசினாய். அரைமணி கழித்து, ஏன் அழுகிறாய் என்று என்னையே கேட்டாய். தண்ணீர்கூடப் புரையேறியது. பேச்சு குழறியது. ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வந்தாய்:

"அப்பாவ மறைச்ச மாதிரி... என்ன மறைக்காத. உன் பொண்ணுகிட்ட... சொல்லிடு."

நான் உன் வாயோரத்தைத் துடைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீ போன பிறகும் ஒரு வருடம் அவளிடம் சொல்லாமலே ஓட்டினேன். போன மாதம்தான் துணிந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது, அண்ணா.

மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். "அப்ப தாத்தா குடிக்கவே இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவள் சோதித்துக்கொள்வதும் கொள்ளாததும் அவள் முடிவு.

ஞாயிற்றுக்கிழமை உழவர்கரையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, அண்ணனுக்குக் குடிப்பழக்கமாமே என்று மெதுவாகக் கேட்டார். சாம்பாரை ஒதுக்கிவிட்டு நோயின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அப்பாவுக்கும் இதுதான், எனக்கும் இதுதான் என்றேன். இனி என் நாக்கு குழறும்வரை, கேட்பவருக்கெல்லாம் இதையே சொல்வேன்.