ஏழுமலைக்கும் அதே கடிதம்

காலையில் அலமாரியைக் காலி செய்யும்போது உன் பிளாப்பி பெட்டி கையில் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் அந்தப் பழைய பிளாஸ்டிக் வாசனை. மூன்று பிளாப்பி, மூன்றிலும் நீலப் பேனாவால் உன் கையெழுத்து: சாம்பார், ரசம், மோர். இதைப் போட்டுப் பார்க்க இப்போது வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரில் வழியில்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மூன்றும் எனக்கு மனப்பாடம்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு நான் எதுவும் எழுதாததற்குக் காரணம் துக்கம் இல்லை, கோபம். ஊருக்கெல்லாம் முடித்து வைக்கிற கடிதம் எழுதிக் கொடுத்தவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சென்னை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, பத்தே நாளில் முடித்துக்கொண்டாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

செங்கல்பட்டில் மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள் எல்லாம் தரச் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும் என்று வந்த காலம் அது. பதிவேடு எப்படி வைப்பது, அளவுக் கருவியை எப்போது சரிபார்ப்பது, தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்வது என்று கற்றுக் கொடுக்க இரண்டு பெண்கள் கிளம்பினோம். நீ கம்பெனியில் தரப் பிரிவில் இருந்தவள். நான் டைப் அடித்தவள். "பொம்பளைங்க ஆலோசனை சொல்ல வந்துட்டாங்களா" என்று சிரித்தவர்களை நீ திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஒவ்வொருத்தன் முகமும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் மாமல்லபுரத்துக்குப் போவோம். வெள்ளைக்காரர்கள் வந்துபோகிற ஊர் என்பதால் அங்கேதான் பிரவுசிங் சென்டரில் லைன் ஒழுங்காகக் கிடைக்கும். நீ கல்பாக்கத்திலிருந்து வருவாய், நான் திருக்கழுக்குன்றம் வழியாக வருவேன். அரை டிராயர் போட்ட வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவில் சேலையில் நாம் இரண்டு பேர், ஒரு மணி நேரத்துக்குள் வாரத்துக் கடிதம் அத்தனையும் அனுப்பியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் புதிதாக எழுதினேன். பாதியில் கரண்ட் போகும். மூன்று பேருக்குக் கடிதம் போயிருக்கும், ஆறு பேருக்குப் போயிருக்காது. ஒருத்தருக்குச் சொன்ன விஷயத்தை இன்னொருத்தருக்குச் சொல்ல மறந்திருப்பேன்.

"ஏட்டி, நெதம் புதுசா எழுதுனா நெதம் புதுசா தப்பு வரும்" என்றாய் உன் திருநெல்வேலித் தமிழில். "ஒரு தடவ ஒழுங்கா எழுது. பெறகு பேரையும் தேதியையும் மட்டும் மாத்து."

அப்படிப் பிறந்தவைதான் மூன்றும். வேலை தொடங்கும்போது போவது சாம்பார். நடுவில் நினைவூட்டிப் போவது ரசம். எல்லாம் முடிந்து நன்றி சொல்லிப் போவது மோர். பெயர் வைத்தது நான், நீ இல்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது உனக்குப் பெருமை சேர்த்துவிடப் போகிறார்கள். சாம்பாரில் உள்ள கனிவும் என்னுடையதுதான். உன்னை விட்டிருந்தால் தந்தி மாதிரி நாலு வார்த்தையில் முடித்திருப்பாய்.

மனசில்லாத கடிதம் என்கிறார்கள் இப்போது, எல்லாருக்கும் ஒன்றையே அனுப்பினால். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தச் சாம்பாரில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் நாம் பட்ட பாடு இருக்கிறது. 'முதல் நாள் வெறுமனே பார்க்க மட்டும் வருகிறோம், எங்களுக்காக எதையும் மாற்ற வேண்டாம்' என்று ஒரு வரி. அது ஏன் வந்தது? ஆரம்பத்தில் போன ஒரு பட்டறையில் நம்மை இன்ஸ்பெக்டர் என்று நினைத்து, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாலையோடு நின்றாரே ஒருவர், அவரால் வந்தது. ரசத்தில், 'பதிவேடு எழுதுவதில் சிரமம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வந்து கூட உட்கார்ந்து எழுதுகிறோம்' என்று இருக்கும். எழுதத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு நம்மைக் கண்டாலே பின்பக்கமாகப் போய்விடுகிற ஒருவருக்காக யோசித்து எழுதியது, அப்புறம் எத்தனை பேருக்கு உதவியது. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் வராது என்பதால் மூன்று கடிதமும் ஆங்கிலத்தில், மூன்றும் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும். அதில் நீ பிடிவாதம். பெரிய கம்பெனி, சின்னப் பட்டறை என்று பார்க்காதே என்றாய்.

நமக்கு முதல் வேலை கொடுத்தவர் என் பெரியப்பா மகன், என் அண்ணன். வேடந்தாங்கல் பக்கத்தில் எங்கள் ஊர், ஏரிப் பாசனத்தில் நிலம், தொழிற்பேட்டையில் கம்பெனி. அவர் சொல்லித்தான் அவருடைய மைத்துனர்கள் மூன்று பேரின் கம்பெனியும் நம்மிடம் வந்தது. அதே ஊர்க் காலனியிலிருந்து வந்தவர் ஏழுமலை. அதே தொழிற்பேட்டையில் இரண்டு லேத் மெஷினோடு பட்டறை வைத்திருந்தார், அவரும் நம்மிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நாம் அனுப்பிய ரசத்தைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அண்ணன் கம்பெனி கிளார்க்கிடம் போய்ப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். கிளார்க் படித்துவிட்டு, "எங்க மொதலாளிக்கும் இதேதான் வந்துச்சு" என்று சொல்லி, அதை முதலாளியிடமும் சொல்லிவிட்டான்.

அண்ணன் நம் அறைக்கு வந்த அன்று நீ இல்லை, உன் மகளுக்குக் காய்ச்சல். அவருக்கு வந்த தாளையும், கிளார்க் நகல் எடுத்து வைத்திருந்த ஏழுமலையின் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாமா இது? எனக்கும் ரெஸ்பெக்டட் சாரு, அவனுக்கும் ரெஸ்பெக்டட் சாரா? அவங்க அப்பன் நம்ம வூட்டு வாசல்லயே நின்னு பேசிக்கினு இருந்தவன்."

எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணா என்று முனகினேன். எனக்கு நீ எப்படி வேண்டுமானாலும் எழுது, அவனுக்கு சார் போடாதே என்றார். சத்தம் போடவில்லை. எழுந்து போகும்போதுதான், நாலு கம்பெனியும் யார் சொல்லி வந்தது என்று நினைவிருக்கட்டும் என்றார். நான் சரி அண்ணா என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் தெரியுமா? அவர் படியிறங்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் நீ வரவில்லை. ஏழுமலைக்கு மறுபடி ஒரு ரசம் போக வேண்டியிருந்தது. மேலே இருந்ததை அழித்துவிட்டு 'டியர் ஏழுமலை' என்று அடித்தேன். ஆங்கிலத்தில் அதில் ஒரு குற்றமும் இல்லை, வெள்ளைக்காரனே அப்படித்தான் எழுதுகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்ற எல்லாருக்கும் பழையபடியே போனது.

அதற்கடுத்த வாரம் நீ வந்தாய். அனுப்பியதையெல்லாம் ஒரு தடவை படிப்பது உன் வழக்கம். படித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாய். இது யார் மாற்றியது என்று கேட்டாய். கை தவறி வந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

"கை தவறுனா எழுத்து மாறும். இதுல ஆளே மாறியிருக்கு" என்றாய்.

உண்மையைச் சொன்னேன். அண்ணன் வந்தது, இரண்டு தாள், வாசல், நாலு கம்பெனி, எல்லாம். ஏழுமலைக்கு அதே ரசத்தை 'ரெஸ்பெக்டட் சார்' போட்டு மறுபடி அனுப்பினாய். அடுத்து மோர் பிளாப்பியைப் போட்டு அண்ணன் பெயரை அடித்தாய். அண்ணனுக்கு வேலை பாதிகூட ஆகவில்லை, ரசத்தில்தான் இருந்தார். 'ரெஸ்பெக்டட் சார், நம் பணி இத்துடன் நிறைவடைகிறது. உங்கள் பதிவேடுகள் உங்களிடமே இருக்கின்றன. எங்களை நம்பிக் கதவைத் திறந்ததற்கு நன்றி.' பெயரையும் தேதியையும் தவிர ஒரு வார்த்தை மாற்றவில்லை. திட்டவில்லை, காரணம் சொல்லவில்லை. நான் உன் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாய்.

என்னைக் கேட்காமல் அனுப்பினாய். அது தப்பு. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். வெளியே வந்ததும் கடற்கரையில் அத்தனை பேர் பார்க்க உன்னிடம் கத்தினேன். உனக்கென்ன, நீ வேறு ஊர்க்காரி, கல்யாணம் காட்சி என்றால் நான்தான் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும், உனக்கு இங்கே சொந்தமா பந்தமா என்று கேட்டேன்.

"ஆமாட்டி, எனக்கு இங்க சொந்தக்காரங்க இல்ல. அதனாலதான் எனக்குத் தெரியுது" என்றாய்.

எழுந்து வந்துவிட்டேன். நாலு சனிக்கிழமை நான் மாமல்லபுரம் பக்கமே வரவில்லை. மைத்துனர்கள் மூன்று பேரும் வரிசையாக விலகினார்கள். நீ தனியாகவே போய்க் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தாய் என்று பின்னால் தெரிந்தது.

ஐந்தாவது வாரம் ஊரில் ஒரு வளைகாப்பு. அண்ணன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்துகொண்டு போனேன். அவரோ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். நாலு பேர் கேட்க, "அந்தத் தெக்கத்திப் பொம்பளதான் திமிரு புடிச்சவ. என் தங்கச்சி தங்கம். நான் ஒரு வார்த்தை சொன்னேன், உடனே அவன் பேர்ல இருந்து சாரை எடுத்துட்டா" என்று தட்டிக் கொடுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாராட்டுகிற சிரிப்புதான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. ஐம்பது பேருக்கு நடுவில் என் யோக்கியதை அதுதான் என்று ஆகிவிட்டது, அதைச் செய்ததும் நானேதான். எழுந்தேன். அவன் இல்லை அண்ணா, அவர் என்றேன். நான் எடுத்தது தப்பு, அவள் போட்டதுதான் சரி என்றும் சொன்னேன். பெரியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் சனிக்கிழமை. பிரவுசிங் சென்டரில் நீ திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த உன் பையை எடுத்துக் கீழே வைத்தாய். மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்கவும் விடவில்லை. வந்த கடிதங்களைப் படி என்று ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாய், அவ்வளவுதான். அந்த வருஷம் நாம் டீயோடு பகலை ஓட்டிய நாட்கள் எத்தனையோ. பிறகு ஏழுமலை சான்றிதழ் வாங்கினார். அவர் சொல்லி நெம்மேலியிலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் அதே சாம்பார், அதே ரசம், அதே மோர்.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒன்று, உன் காரியம் முடிந்த மறுவாரம் நான் ஏழுமலை பட்டறைக்குப் போனேன். அந்த 'டியர்' கை தவறி வந்தது இல்லை, நான் வேண்டுமென்றே செய்தது, யார் சொல்லிச் செய்தேன் என்பது வரை அவரிடம் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்தினார்.

"தெரியும்மா. ரெண்டு தாள் வந்துச்சு, சேதி ஒண்ணுதான், மேல மட்டும் வேற. படிச்சிச் சொன்ன கிளார்க்கே சிரிச்சான். ரெண்டையும் ஃபைல்ல வெச்சிக்கினு கீறேன்."

கிழித்துப் போட்டிருக்கலாமே என்றேன்.

"எதுக்கும்மா கிழிக்கணும்? ஒருத்தங்க எடுத்ததும் அதுல கீது, ஒருத்தங்க போட்டதும் கீது" என்று சொல்லிவிட்டு லேத்தை ஓட்டினார். எனக்கு அது மன்னிப்பா தண்டனையா என்று தெரியவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது விஷயம் போன வாரம் நடந்தது. அண்ணன் இப்போது கம்பெனிக்கு வருவதில்லை, மகன் பார்க்கிறான். பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்தவன், நல்ல பையன், இத்தனை வருஷத்தில் என்னோடு பேசியதில்லை. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், நீங்களே செய்து கொடுங்கள் அத்தை, நாம் ஒரே குடும்பம் என்று மெயில் போட்டிருந்தான். நான் சாம்பாரை அனுப்பினேன். பெயரையும் தேதியையும் மாற்றியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"அத்தை, இது எல்லாருக்கும் அனுப்புற லெட்டர்தானே? நமக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையா?"

அண்ணன் அன்று கேட்ட இந்தக் கேள்விக்கு நான் ஏழெட்டு வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறேன்.

"இல்லப்பா. தனியா வேணும்னா ஒண்ணு பண்றேன். மேல இருக்கிற ரெஸ்பெக்டட் சாரை எடுத்துட்டு, உன் பேரைப் போட்டு அனுப்பறேன்."

அவனுக்கு அந்தக் கதை தெரியும், அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "வேணாம் அத்தை, இதே இருக்கட்டும்" என்றான்.

இதுதான் இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.