லீவர் வரலைன்னு நீ சொன்னது நிஜம்

என் அருமை மாப்ளே வீராசாமி,

ஜப்பான்காரன் போயிட்டான்யா. நம்ம பிரிக்பீல்ட்ஸ் பட்டறை அப்படியே நிக்குது, நானும் நிக்கிறேன். இந்த வட்டாரத்துல காளிமுத்துவை விட்டா மெக்கானிக் கிடையாதுன்னு இன்னமும் மார்தட்டிக்கிட்டுத்தான் திரியறேன். உனக்குச் சிரிப்பு வரும். நல்லா சிரி, ஏன்னா இந்தத் தடவை தப்பு என் மேல.

உன் லோரி பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கு. அதான், வெள்ளைக்காரன் போட்டுட்டு ஓடின சின்னப் பட்டாள லோரி, முன்கியர் லீவரைப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கிறது. முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் முறிஞ்சு, கிள்ளான் தார் ரோட்டுல உன்னை நடுவழியில நிறுத்துச்சே, அதே சனியன்தான்.

அன்னிக்கு லோரி யார்டுல கணக்கு எழுதற கிராணி என்ன சொன்னாரு? "டெங்கில் பக்கத்துச் சேத்துல போட்ட முன்கியரைத் தார் ரோட்டுக்கு வந்ததும் எடுக்கணும்னு தெரியாதா? மறதிக்காரனுக்கு எதுக்கு லோரி?" நீ தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னே: "லீவரை இழுத்தேன் சார், வரல." நாங்க வந்து இழுத்தப்ப அது சுலபமா வந்துச்சு. அப்புறம் யாரு நம்புவா? "ஒத்துக்கடா மாப்ளே, மறந்துட்டே"ன்னு எல்லார் முன்னாடியும் நான் சிரிச்சேன். என் தங்கச்சி பாக்கியமும் பொண்டாட்டிங்கற உரிமையில உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினா.

அதுக்கப்புறம் உன்னை ஸ்டீரிங் தொட யாருமே விடல. கொயினா மருந்து கிடைக்காத அந்தக் காய்ச்சல்லயும் நீ "இழுத்தேன், வரல"ன்னுதானே முனகினே?

போன வாரம் அந்த லோரிக்குப் புது ஷாஃப்ட் மாட்டினேன். பட்டறைக்குப் பின்னாடி சேத்துல முன்கியர் போட்டு ஓட்டினேன், ஒரு வம்பும் இல்ல. அப்படியே தார் ரோட்டுல ஏத்தினேன், கொஞ்ச தூரத்துலயே வண்டி திமிறுது. முன்கியரை எடுக்கலாம்னு லீவரை இழுத்தா, அய்யோ மாப்ளே, வரல.

உடனே முன்னும் பின்னும் ஜாக்கில தூக்கி, சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தனை சுத்துன்னு எண்ணிப் பார்த்துடணும்னு உறுதி பண்ணிட்டேன். அடையாளம் வைக்கச் சாக்குக்கட்டி இல்ல. நீ போனதுலேருந்து பாக்கியம் என் வீட்டுலதான் இருக்கா. அவ குங்குமச் சிமிழைக் கொண்டு வந்து நீட்டினா. "இனி எனக்கு எதுக்குண்ணே?" சக்கரத்துல ஒரு பொட்டு, ஷாஃப்ட்டுல ஒரு பொட்டு வெச்சேன். அவ ஒரு பக்கச் சக்கரம், நான் ஒரு பக்கம், சேர்ந்து சுத்தினோம். சக்கரம் ஒரு சுத்து வர, முன்னால ஷாஃப்ட் ஆறரைச் சுத்து. பின்னால ஏழு!

ஏழுன்னா இழுவை ஜாஸ்தி, வேகம் கம்மி. ஆறரைன்னா வேகம் ஜாஸ்தி, இழுவை கம்மி. எதுவானாலும் முன்னும் பின்னும் ஒரே கணக்கா இருக்கணும். சேத்துல சக்கரம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார் ரோடு வழுக்க விடாது. முன்சக்கர ஆக்ஸிலும் பின்சக்கர ஆக்ஸிலும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு லீவரையே பூட்டிடும், கடைசியில ஷாஃப்ட் முறியும். முறிஞ்சதும் முறுக்கு விட்டுப்போகும், அதனாலதான் எங்க கைக்கு லீவர் வந்துச்சு.

ஷாஃப்ட் முறியறதுக்கு முன்னாடி அந்தப் பின் ஆக்ஸிலை மாட்டினது யாரு? நான்தான். செராஸ்ல கிடந்த வேற பட்டாள லோரியிலேருந்து கழட்டினது. போல்ட் ஓட்டை சரியா உக்காந்துச்சு, அவ்வளவுதான் பார்த்தேன். உள்ள இருக்கற கியர் பல்லை எண்ணல. நீ வந்து சொன்னே: "மச்சான், மேட்டுல முன்னைவிட நல்லா இழுக்குது, ஆனா வேகம் குறைஞ்சிருச்சே." நான், "என் கைராசி லா"ன்னேன். வாயை மூடிக்கிட்டு எண்ணியிருந்தா... விடு.

நேத்து கிராணியைக் கூட்டி வந்தேன். தார் ரோட்டுல ஓட்டி நிறுத்தி, "இழுங்க சார்"னேன். ரெண்டு கையாலயும் இழுத்தாரு, வேர்த்துக் கொட்டுச்சு. யார்டு ஆளுங்க அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன்: "வீராசாமி மறக்கல. தப்பா மாட்டினவன் நான்."

பாக்கியம் யாரையும் கேக்காம வண்டியில ஏறி உக்காந்தா. காலை முட்டுக் கொடுத்து லீவரை இழுத்தா. வரல. மறுபடி இழுத்தா. அப்புறம் கையை எடுக்காமலே கேட்டா: "அவரு சொன்னப்ப ஏண்ணே சிரிச்சே?"

வாய் கிழியப் பேசறவன்தான் நான். அப்ப ஜாக்கியை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில நுழைஞ்சுட்டேன் மாப்ளே.

இன்னிக்குச் சரியான ஆக்ஸில் ஒண்ணு கிடைச்சு மாட்டிட்டேன். பாக்கியமே பொட்டு வெச்சு எண்ணினா. முன்னால ஆறரை, பின்னால ஆறரை. ஞாயித்துக்கிழமை அவளை முன்சீட்டுல உக்கார வெச்சு டெங்கில் சேத்துக்குப் போய், நீ நின்ன இடம் வழியா கிள்ளானுக்கு ஓட்டுவேன். தார் ரோடு வந்ததும் லீவரை அவதான் எடுப்பா. இனிமே ஒருத்தன் வந்து வரலைன்னு சொன்னா, சிரிக்க மாட்டேன், எண்ணிப் பார்ப்பேன். இது உன் மேல சத்தியம்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன்,
உன்னை நம்பாத மச்சான்,
காளிமுத்து