முதன்மை ஆய்வாளரின் சம்மதம்

அன்பு காதர்,

நலமா என்று கேட்டால் நேரே விஷயத்துக்கு வா என்பாய். வருகிறேன். உன் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைத்துவிட்டது.

குளச்சல் கடலடியில் மீன்கள் எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்ய நீ விண்ணப்பிப்பதும், ‘விளக்கம் தெளிவாக இல்லை’ என்று நிதிக் குழுவினர் நிராகரிப்பதும் ஆண்டுதோறும் நடந்த சடங்கு. கடைசி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மாரடைப்பில் போய்விட்டாய். தேங்காப்பட்டணம் மையவாடியில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு காணொளி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நீ இறந்த செய்தியைச் சொல்லத்தான் இணை ஆய்வாளனான நான் போனேன். நம் ஆய்வு மாணவி ஜெனிஃபர் பக்கத்தில் இருந்தாள். சற்றுத் தாமதமாக இணைந்தோம். திரையில் உன் பெயரோடு ஒரு கறுப்புக் கட்டம். அதிலிருந்து, “அம்புடுதான்” என்றது ஒரு குரல். வகுப்பை நீ முடிக்கும் சொல். கட்டம் மறைந்தது.

“முதன்மை ஆய்வாளர் மிகத் தெளிவாக விளக்கிவிட்டார். நீங்கள் ஏதும் சேர்க்க வேண்டுமா?” என்றார் குழுத் தலைவர்.

“இல்லை” என்றேன். முதன்முறையாக உன்னைப் பாராட்டுகிறார்கள். குறுக்கிடுவது மரியாதையா?

“சார், அது காதர் சாருக்க குரலாக்கும். பொறத்த கடல் எரையுது, கேட்டியளா?” என்றாள் ஜெனிஃபர்.

“நெட்டுக்க கோளாறு மக்கா.”

“நெட்டு எதுக்கு சார் அம்புடுதான்னு சொல்லணும்?”

மறுநாள் உண்மையை எழுதி அனுப்பினேன். பதிலில் இரங்கல் ஒரு வரி, விதி ஒரு பக்கம். திட்டத்தை என் பெயருக்கு மாற்றலாமாம். முதன்மை ஆய்வாளர் நேரிலோ குரல் பதிவிலோ சம்மதிக்க வேண்டுமாம். மரணத்துக்கு விதியில் விலக்கு இல்லை. சம்மதம் வராவிட்டால் திட்டம் ரத்து, ஜெனிஃபரின் உதவித்தொகையும் போகும். குவைத்தில் அவள் அண்ணன் ஒரு கடையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். அந்தக் கடையில் மீன் பேசுமா?

நேற்று உன் நீரடி மைக்கைச் சோதிக்க, ஆய்வுக்கூடத்தில் ஒரு வாளிக் குழாய்த் தண்ணீரில் இறக்கினோம். காதில் கடல் இரைந்தது. ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள். பழி போட அங்கே நெட்டும் இல்லை.

நாளைக் காலை அவள் அப்பாவின் வள்ளத்தில் குளச்சல் கடலுக்குப் போகிறோம். பதிவாவது எதுவானாலும் ஒரு நொடிகூட வெட்டாமல் அனுப்புவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘அம்புடுதான்’ என்று முடிப்பதற்கு முன், ‘சம்மதம்’ என்று சொல்லிவிடு. தெளிவாகச் சொல். உன்மேல் அவர்களுக்கு இருந்த ஒரே குறை அதுதானே.

உன் மகள் ரிஸ்வானா ‘மாமா’ என்றழைக்கும்,
செல்வின்
நாகர்கோவில்