எங்கள் இருவருக்கும் ஒரே தேதி

சித்திரை 8, திங்கள்
அனல். ஃபேன் சுற்றுவது உப்புக் காற்றைத்தான். வெட்கக்கேடு ஒன்று: என் சாவுச் செய்தியை நானே ஊருக்கு அனுப்பிவிட்டேன். உப்பளச் சங்கத்துக்கு நான் எழுதும் புரோகிராம். உறுப்பினர் யாராவது இறந்தால் எல்லோர் போனுக்கும் செய்தி போகும். சோதனைக்காக என் பெயரில் இறந்த நாள்: வரும் வியாழன். அனுப்புவதை நிறுத்திவைக்க மறந்தேன். போனது இரண்டு பெயர். நான், உப்பளக்காரன் தனசேகர்.

டீக்கடைக்காரர்: “இன்னாபா, வியாழக்கெழம செத்துட்டியாமே! டீ சூடா வேணுமா, ஆறுனதா?”

காரணம், சோம்பேறித்தனம். என் பதிவை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி, அவன் பதிவு ஆக்கியிருந்தேன். உள்ளே இருந்த தேதி நகலாகவில்லை. இருவருக்கும் அதே ஒன்று. ஒரு காலண்டரை இரண்டு வீட்டில் மாட்டியதுபோல. இங்கே கிழித்தால் அங்கேயும் கிழியும்.

சித்திரை 9, செவ்வாய்
அவனுக்குத் தனித் தேதி செய்தேன். பிறகு இரண்டையும் காலியாக்கினேன். என்னுடையது போய்விட்டது. அவனுடையது இன்னும் வியாழன். அழித்து மறுபடி ஓட்டினேன். வியாழன். ஏன் என்று புரியவில்லை. மனைவி சுமதிக்குச் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றுவாள்.
புது மவுஸ் வாங்க வேண்டும்.

சித்திரை 10, புதன்
தனசேகர் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தான். முகம் வெளிறி.
“உப்புப் பாத்தித் தண்ணில குனிஞ்சேண்ணா. வானம் தெரியுது, கொக்கு தெரியுது. என் மூஞ்சி தெரில.”
“உன் மூஞ்சியப் பாத்துத் தண்ணியே பயந்துடுச்சிடா.”
சிரிக்கவில்லை. “நாளைக்கு வூட்லயே கெடக்குறேன். வெள்ளிக்கெழம விடியறதுக்குள்ள போயி உப்பு வாரிக்கறேன்.”
மாலை நானும் போய்க் குனிந்தேன். என் முகம் தெரிந்தது. தோளருகே இன்னொரு தலை. திரும்பினால் வரப்பில் யாருமில்லை. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்.

சித்திரை 11, வியாழன்
காற்றே இல்லை. நாள் முழுக்க அவன் வீட்டுக்குப் போன். கடைசியில் அவன் மனைவி எடுத்தாள்: “தூங்கறாருங்க. நீங்க போன் போட்டே அவர சாவடிச்சுடுவீங்க போல!”

சித்திரை 12, வெள்ளி, விடியற்காலை நாலரை
அவனே கூப்பிட்டான். “வியாழன் போச்சுண்ணா! பொழச்சிட்டேன். உப்பளத்துக்குத்தான் போய்ட்டிருக்கேன், ஒரே இருட்டு.” சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர். வைத்துவிட்டான்.

புரோகிராமை வீறாப்பாகத் திறந்து, இன்று என்ன நாள் என்று கேட்டேன். வியாழன் என்றது. தப்பு அதன்மேல் இல்லை. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் அதை வைத்தது நான்தான். நம் காலை ஐந்தரை வரை அதற்கு வியாழன் முடியாது.