மரவள்ளிக் குச்சிக்குக் கீழே

ஐப்பசி 12, 1943.

வீட்டுக்கு வீடு மரவள்ளி நட வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. ஐப்பசி மழைக்குப் பூக்கும் என் லில்லிக் கிழங்குகளைப் பிடுங்க மனம் வரவில்லை. சோதனைக்கு வரும் எஸ்டேட் மேஸ்திரி மண்டோர் கண்ணுக்காக அவற்றின் மேலேயே மரவள்ளிக் குச்சிகளைச் சும்மா ஊன்றி வைத்திருந்தேன்.

இன்று விடியற்காலையில் பக்கத்து வீட்டு அஞ்சலை மரவள்ளி என்று அங்கே தோண்டியிருக்கிறாள். கிடைத்ததை வெங்காயம் என்று நினைத்து வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் பகலெல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தார்கள். சாயங்காலம்தான் எழுந்து உட்கார்ந்தார்கள்.

உடனே அஞ்சலை, எஸ்டேட் குமாஸ்தா பெண்டாட்டியான என்னிடம் ஓடிவந்து அழுதாள்.

“கிராணியம்மா, ஒங்க தோட்டத்துல திருடிட்டேன். அதான் மாரியாத்தா எம்புள்ளைங்கள இந்தப் பாடு படுத்திட்டா. மன்னிச்சிருங்கம்மா.”

அது ஆடுகூட வாய் வைக்காத விஷ லில்லிக் கிழங்கு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

“சரி போ, இனிமே திருடாத” என்று அவளை மன்னித்து அனுப்பினேன்.