தாய் எண் 3312

கீரனூர்
3.2.2025

வணக்கம்.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடும் என்பதால் மெயிலில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வேலையாகத்தான். டாக்டரம்மா ராஜலட்சுமி பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார். 2009இல் நீங்கள் எழுதிக்கொடுத்த பிரசவப் பதிவு புரோகிராமும் அதோடு போகிறது. அதில் இருக்கும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் விவரத்தைப் புதிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். திருச்சியிலிருந்து அருண்குமார் என்று ஓர் என்ஜினியர் வந்து மூன்று நாளாக முட்டிக்கொண்டிருக்கிறார். பேக்கப்பை ஏற்றினால் தாய்மார் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கிறது. மகனுக்கு ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் கேட்டு முனியாயி இரண்டு நாளாக வந்து போகிறாள்.

உங்கள் புரோகிராமும் உங்களைப் போலத்தான். என்ன குறை என்று வாயைத் திறந்து சொல்லாது, அப்படியே நின்றுவிடும்.

நீங்கள் அனுப்பி, உங்கள் தம்பி பிரசாந்த் கொண்டுவந்து கொடுத்த விவாகரத்துத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பற்றி இதில் பேச வேண்டாம்.

ம. கலைமதி
பதிவுப் பிரிவு

மஸ்கட்
4.2.2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதம் கண்டேன். வேலை விஷயமாக இருந்தாலும் எழுதினாயே, அது போதும். முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே.

பெயர்கள் கேள்விக்குறியாக வருவதற்குக் காரணம் அந்தக் காலத்து எழுத்துரு. புதிய கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்துகள் தெரியாது. மாற்றிக்கொடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். முதலில் அதை ஓட்டிவிட்டு அப்புறம் ஏற்றச் சொல். தாய்மார் பட்டியல் முதலில், பிள்ளைகள் பட்டியல் பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது. பழைய கம்ப்யூட்டரை வேலை முடியும்வரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வேறு ஏதாவது தகராறு செய்தால் உடனே எழுது.

நிலவழகன்

கீரனூர்
6.2.2025

வணக்கம்.

பெயர்கள் சரியாகிவிட்டன. முனியாயி பிறந்த நேரத்தை வாங்கிக்கொண்டு உங்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

இப்போது வேறு வம்பு. தாய்மார் அத்தனை பேரும் ஏறிவிட்டார்கள். பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு எதிரே ‘தாய் எண் 3312’ என்று இருக்கிறதாம், தாய்மார் பட்டியலில் அப்படி ஓர் எண்ணே இல்லையாம். தாய் இல்லாத பிள்ளையைப் புதிய டேட்டாபேஸ் ஏற்காதாம்.

“ஒரு வரிதானேக்கா, தூக்கிட்டா மிச்சமெல்லாம் ஏறிரும்” என்கிறார் அருண்குமார். டாக்டரம்மாவும், “ஒம்பதாயிரத்துல ஒண்ணு போனா என்ன கலை, முடிச்சு விடுங்க” என்றுவிட்டார். ஆகஸ்ட் 2014 என்று தேதி மட்டும் காட்டினார். நான் மேற்கொண்டு பார்க்கவில்லை. அந்த மாதத்தை நான் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சரி என்றால் நாளைக் காலையில் அழித்துவிடுவார்.

கலைமதி

மஸ்கட்
6.2.2025

கலை,

அழிக்க வேண்டாம். யாரையும் அதில் கை வைக்க விடாதே.

3312 நீதான்.

நாற்பது நாள் கழித்து வேலைக்குத் திரும்புவதாக நீ சொன்னபோது எனக்குப் பயமாகிவிட்டது. நீ பதிவைத் திறந்தால் உன் பெயரும், அதன் கீழே ‘இறந்து பிறந்தது’ என்பதும் உன் முகத்தில் அடிக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுக்கிற சாக்கில் வந்து, தாய்மார் பட்டியலில் உன் பெயரை அழித்தேன். பிள்ளைகள் பட்டியலுக்கு வந்தேன். அவளை அழிக்கக் கை வரவில்லை. என் புரோகிராமில் தாய் வழியாகத்தான் பிள்ளையைத் திறக்க முடியும். உன்னை எடுத்த பிறகு அவள் யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே இருந்தாள். தாய் இருக்கிறாளா என்று கேட்கும் கட்டளையை நான் அப்போது எழுதவில்லை. புதியது கேட்கிறது.

அந்த வரியைத் திறந்து பார். பெயர் என்ற இடத்தில் நான் ஒன்று எழுதியிருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நிலவழகன்

கீரனூர்
7.2.2025

என்னங்க,

பார்த்தேன். பெண். இரண்டு கிலோ நூறு. காலை 11.20. இனியா.

யாரைக் கேட்டுப் பெயர் வைத்தீர்கள்?

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே என் பெயரைத்தான் தேடினேன். இல்லை. ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றதற்கு ஒரு வரிகூட இல்லாமல் துடைத்துவிட்டார்கள் என்று மருந்து அறையில் நின்று அழுதேன். நீங்கள்தான் துடைத்திருப்பீர்கள் என்று அன்றைக்கே தெரியும். அந்த புரோகிராமில் கை வைக்க வேறு யார் இருந்தார்கள்? இவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது, பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பத்து வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முகம் எப்படி இருந்தது, எங்கே புதைத்தீர்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நான் மயக்கம் தெளியும் முன்னே ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். “விடு கலை, அதப் பேசாத” என்பீர்கள். விட்டுவிட்டு மஸ்கட்டுக்கும் போய்விட்டீர்கள்.

இப்போதாவது சொல்லுங்கள்.

கலை

மஸ்கட்
8.2.2025

கலை,

துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் போனேன். சித்தப்பா வாங்கிக்கொள்கிறேன் என்றார், நான் கொடுக்கவில்லை. தலை நிறைய முடி. காதுமடல் உன்னுடையதைப் போலவே கன்னத்தோடு ஒட்டியிருந்தது. தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். புதுக்கோட்டை தாண்டியதும் மடியில் இருப்பவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அப்போது வைத்த பெயர்தான்.

ஆவுடையார்கோவில் தாண்டி எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கிலிருந்து வடக்கே இருபது எட்டு வைத்தால் நாவல்மரத்தடி.

வாயைத் திறந்தால் உன் முன்னால் உடைந்து போய்விடுவேன் என்று பயந்தேன். நான் உடைந்தால் உன்னை யார் பார்ப்பது என்று நினைத்தேன். அது தப்பு. அந்தத் தாள்களும் உன்னைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே என்றுதான் அனுப்பினேன். நீ வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. நான் வந்துவிடுகிறேன்.

நிலவழகன்

கீரனூர்
17.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று போய்விட்டு வந்தேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. கலுங்கு இருக்கிறது. மரம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கேட்டேன். “இங்கிட்டு நாவமரமா? அது கரைய ஒசத்தும்போதே போச்சே ஆத்தா. மேல ரெண்டாள் ஒசரம் மண்ணு போட்டுட்டாங்க” என்றார். இருபது எட்டு எண்ணி அந்த மண்ணின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். வாங்கிப் போன பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை தாய்மார் பட்டியலில் 3312ஐ நானே திரும்ப ஏற்றினேன். பெயர் கலைமதி. கணவர் பெயர் நிலவழகன். அருண்குமார் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு ஓட்டினோம். ஒரு பிழை இல்லாமல் முடிந்தது. அவளுக்கு இனி இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

தாள்களில் கையெழுத்துப் போட்டு பிரசாந்திடம் கொடுத்துவிட்டேன். கோபத்தில் போடவில்லை. உங்களிடமிருந்து ஒரு பதில் வரவேண்டியிருந்தது, அதற்காகத்தான் இத்தனை நாள் போடாமல் வைத்திருந்தேன். பதில் வந்துவிட்டது. நீங்கள் தனியாக அழுதீர்கள், நான் தனியாக அழுதேன். ஒரே ஒரு நாள் சேர்ந்து அழுதிருந்தால் இந்தத் தாளே வந்திருக்காது. இப்போது வந்து உட்கார்ந்தாலும் எனக்கு அந்த நாள்தான் கண்ணில் நிற்கும். என்னால் முடியாது. வராதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பெயர் நன்றாக இருக்கிறது. என்னைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
இனியாவின் அம்மா